படிகம் விழும் நேரம்

கோல்கொண்டாவைப் பார்க்கச் சீட்டு வாங்கினால் போதும். வாசலில் வழிகாட்டி கைதட்டிக் காட்டுவார்; அந்தச் சத்தம் மேலே பாலா ஹிஸார் வரை கேட்கும் என்பார். அதே ஹைதராபாத்தில் இன்னொரு இடிபாடு இருக்கிறது. அதற்குச் சீட்டும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. பாலாநகர்ப் பக்கம் ஆட்டோ ஏறி ‘ஐடிபிஎல்’ என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். இறங்கிப் பார்த்தால் நீண்ட மதில், மதிலுக்கு மேல் தலைகாட்டும் மரங்கள், பூட்டிய கேட். அரசு மருந்து ஆலையான ஐடிபிஎல் நின்றுபோன பிறகு பிறந்த பிள்ளைகளும் அந்த இடத்தை அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார்கள்.

கோல்கொண்டா 1687இல் விழுந்தது. ஔரங்கசீப்பின் எட்டு மாத முற்றுகை, பீரங்கிக்கு மசியாத சுவர், காசு வாங்கிக்கொண்டு உள்ளிருந்தே ஒருவன் திறந்துவிட்ட கதவு. கதைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. ஐடிபிஎல்லுக்கு அப்படியொரு துரோகியோ ஔரங்கசீப்போ வாய்க்கவில்லை. 1992இல் நலிந்த நிறுவனம் என்று தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியமான பிஐஎஃப்ஆரின் முன் போய் நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டடமாக இருண்டது. கோப்புகளுக்குள் நடந்த வீழ்ச்சி. அதனால் அதற்கு வரலாறு எழுத யாருக்கும் கை வரவில்லை. எனக்கென்னவோ, ஒரு நாகரிகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, கோல்கொண்டாவின் கோட்டையைவிட இந்த மதில்தான் அதிகம் உதவுகிறது.

1950களில் இந்தியாவில் ஆயுட்காலம் நாற்பதைத் தொடவே திணறிய நிலை. மருந்துகளோ பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளுடையவை. மருந்து விலையில் உலகிலேயே உயர்ந்த நாடுகளில் ஒன்று இந்தியா என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே சொல்லும்படி இருந்தது. ஏழை நாட்டில் மருந்து விலை அதிகம் என்பதைப் பணக்கார நாட்டின் சபை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1954இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, புனே அருகே பிம்ப்ரியில் பென்சிலின் செய்ய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் உருவானது. பிறகு சோவியத் நிபுணர்கள் வந்தார்கள். 1961இல் ஐடிபிஎல் பதிவாயிற்று. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக், ஹைதராபாத்தில் ரசாயனச் சேர்க்கை மருந்துகள், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவிகள் என்று மூன்று ஆலைகள்.

நந்தம்பாக்கத்துக் கதையை ஒரு வரியிலாவது சொல்லியாக வேண்டும். அங்கே சோவியத் வடிவத்தில் செய்த கத்தியும் கத்தரியும் நம் சர்ஜன்களின் கைக்கு ஒத்துவரவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் கருவிகளில் படித்துப் பழகியவர்கள். கருவிகள் தேங்கின. டெல்லியும் மாஸ்கோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒரு சர்ஜனின் கட்டைவிரல் பழக்கம் தோற்கடித்துவிட்டது. மனித சுபாவத்தைப் பற்றித் தத்துவ நூல்கள் பேசுவதில் பாதி, இந்தக் கட்டைவிரலுக்குள் அடக்கம்.

ஹைதராபாத் ஆலை அப்படித் தோற்கவில்லை. சல்ஃபா மருந்துகள், அனால்ஜின், வைட்டமின்கள் என்று 1960களின் பிற்பகுதியிலிருந்து டன் கணக்கில் வந்தன. ஆனால் அந்த ஆலையின் பெரிய உற்பத்தி மருந்து அல்ல, ஆட்கள். ரசாயனத்தைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்த ஆயிரக்கணக்கானவர்கள், கண்ணாடிக் குடுவையில் நடக்கும் ஒன்றை ஆளுயரத்துக்கு மேலான ரியாக்டரில் நடத்திக் காட்ட அங்கே கற்றார்கள். குடுவையில் ஒழுங்காக நடப்பது ரியாக்டரில் நடக்காது. சூடு ஓரத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கையாளத் தெரிவதுதான் தொழில். அது எந்த வரைபடத்திலும் இல்லை.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் அஞ்சி ரெட்டி. குண்டூர் மாவட்டம் தாடேபள்ளியில் மஞ்சள் விவசாயியின் மகன். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் முடித்து, 1969இல் ஐடிபிஎல்லில் சேர்ந்தார், 1975இல் வெளியேறினார். இரண்டு சிறு கம்பெனிகளில் பங்காளியாக இருந்துவிட்டு 1984இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கினார். அங்கிருந்து கிளை பிரிந்தது. அவருடன் வேலை செய்த முரளி திவி 1990இல் தனியே போய் திவீஸ் ஆனார். பார்த்தசாரதி ரெட்டி 1993இல் ஹெட்டரோ ஆரம்பித்தார். கர்நாடக சங்கீதத்தில் சிஷ்ய பரம்பரை சொல்வதைப்போல ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனிகளுக்குப் பரம்பரை சொல்லலாம். பல கிளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஏதோ ஓர் இடத்தில் பாலாநகர் மதில் வந்துவிடும்.

இதற்கு இன்னொரு கதவும் திறக்க வேண்டியிருந்தது. அதைத் திறந்தவர் நம் ஊர்க்காரர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் போன என். ராஜகோபால அய்யங்கார், காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது குறித்து 1959இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மருந்துக்கும் உணவுக்கும் பொருள்மீது காப்புரிமை வேண்டாம், செய்முறைமீது மட்டும் போதும் என்பது அதன் சாரம். 1970இல் சட்டமாகி 1972இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒரு வழியில் செய்யும் மருந்தை நீ வேறு வழியில் செய்து காட்டினால் அது உன்னுடையது. வேறு வழி கண்டுபிடிக்க ஆட்கள் வேண்டுமே? பாலாநகரில் தயாராக இருந்தார்கள். 2005 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைப்படி அந்தக் கதவு சாத்தப்படும்வரை முப்பதுக்கு மேற்பட்ட வருடங்கள். ஒரு தலைமுறைக்குக் கொஞ்சம் கூட.

இதை யார் திட்டமிட்டார்கள்? அய்யங்கார் பாலாநகரை மனதில் வைத்து எழுதவில்லை. சோவியத்துக்காரர்கள் தனியார் முதலாளிகளை உண்டாக்குவதற்காகப் பொறியாளர்களை அனுப்பவில்லை. ஆனால் நடந்தது என்ன? 2001 ஆகஸ்டில், சோவியத் உதவியால் எழுந்த ஆலையில் தொழில் பழகிய மனிதர் தொடங்கிய கம்பெனி, அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்தான ப்ரோசாக்கின் 40 மில்லிகிராம் ஜெனரிக்கை விற்க 180 நாள் தனியுரிமை பெற்றது. நியூயார்க் பங்குச் சந்தையிலும் அந்த வருடமே ஏறியிருந்தது. சோவியத் யூனியன் இல்லாமல் போய் ஏறக்குறையப் பத்து வருடம் ஆகியிருந்தது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இந்த ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

வரலாற்றை மன்னர்கள் நகர்த்துகிறார்கள் என்றது ஒரு காலம். மக்கள் நகர்த்துகிறார்கள் என்றது இன்னொரு காலம். இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசை இருக்கிறது. ஷிஃப்ட் இன்சார்ஜ், ஃபோர்மேன், உதவி வேதியியலாளர், கடைசல்காரர். பெயர்ப்பலகையில் வராதவர்கள், ஆனால் ஒரு வேலையை முழுசாகத் தெரிந்தவர்கள். பாலாநகரிலிருந்து சிறிது தூரத்தில், பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு வந்தது. கட்டடம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அந்தக் கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்த நோயாளி ஹுசேன் கான். கொசுவுக்கு ஓர் அணா என்று கூலி. அவர் பெயராவது நமக்குத் தெரிகிறது. ராஸ் எழுதி வைத்ததால் தெரிகிறது. எழுதி வைக்கப்படாத ஹுசேன் கான்கள்தான் அநேகம்.

ஐடிபிஎல் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், இளவயதில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஐடிபிஎல்லில் தொழில் பழகி, பிறகு பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறு கம்பெனியில் ஓய்வு பெறும்வரை இருந்திருக்கிறார். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. இடையிடையே தெலுங்கு தானாக வந்து விழுந்தது. வேலையில் எது கஷ்டம் என்று கேட்டேன்.

“படிகம் விழுறதுதான் தம்பி கஷ்டம். எல்லாம் சரியா இருக்கும். சூடு சரி, சேர்மானம் சரி, மணிக்கணக்கா ஆற விட்டாச்சு. விழவே விழாது. அப்ப என்ன பண்ணுவோம், போன பேட்ச்ல எடுத்து வச்சிருப்போம்ல, அதுல ஒரு சிட்டிகை உள்ள போடுவோம். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்புறம் லேசா கலங்கும். கலங்கிச்சுன்னா முடிஞ்சுது, மளமளன்னு இறங்கிடும்.”

“எப்பப் போடணும்னு எப்படித் தெரியும்?”

“கண்ணாடி வழியா பாத்தாத் தெரியும். சீக்கிரம் போட்டா கரைஞ்சிடும், லேட்டாப் போட்டா கட்டி தட்டிடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பாத்தாத் தெரியும். வேற எப்படிச் சொல்றது?”

படிகத்தை எடுத்த பிறகு மிஞ்சும் நீர் என்ன ஆகும் என்றேன். ‘மதர் லிக்கர்’ என்றார். முடிந்தவரை அதிலிருந்தும் மருந்தைத் திரும்ப எடுப்பார்களாம். அதற்கு மேல்? கையைத் தூரமாக வீசிக் காட்டினார். பிறகு இரண்டாவது டீ சொன்னார்.

நம்மிடம் ஒரு கல்வெட்டு இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில். 11ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலம். அந்தக் கோயிலில் 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை நடந்திருக்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், மூலிகை கொண்டுவந்து விறகும் தேடி மருந்து காய்ச்சுபவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்பதுவரை வெட்டிவைத்திருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சோழ அரசு கணக்கில் கறாராக இருந்திருக்கிறது. ஆனால் அந்த மருந்தை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பது கல்லில் இல்லை. மூலிகை காய்ச்சியவர்களுக்கும் ‘பாத்தாத் தெரியும்’ என்ற அளவில்தான் அது தெரிந்திருக்கும்.

கல் நின்றது, கை போயிற்று. பாலாநகரில் நேர் தலைகீழ்: கட்டடம் போயிற்று, கைகள் வெளியே வந்து வேறு கட்டடங்களில் புகுந்தன. அணைகளையும் பெரிய ஆலைகளையும் நேரு நவீன இந்தியாவின் கோயில்கள் என்றார். அந்த ஒப்புமை எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும், ஏனென்றால் நாம் கோயிலில் சுவரைத்தான் பார்க்கிறோம். பொதுத்துறை ஆலைகளையும் அப்படித்தான் பார்த்தோம். லாபமா நட்டமா, இருக்கிறதா மூடிவிட்டதா என்று. ஐடிபிஎல்லின் ஐந்தொகையில் அஞ்சி ரெட்டி வரவாக எழுதப்படவே இல்லை. ராஜினாமா செய்த ஓர் ஊழியர், அவ்வளவுதான். தனியார் தொழில்முனைவோரைக் கொண்டாடும் இன்றைய கட்டுரைகளோ மறுபக்கத்தை விட்டுவிடுகின்றன. அவர்கள் தொழில் பழகிய காலத்துக்குச் சம்பளம் கொடுத்தது வரி கட்டிய ஜனம்.

மருந்து மட்டும் இப்படி என்றில்லை. பாலாநகரின் சந்துகளில் லேத் பட்டறைகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. விமான நிறுவனமான எச்ஏஎல்லின் ஏவியானிக்ஸ் பிரிவும், 1968இல் தொடங்கிய மத்திய டூல் டிசைன் நிறுவனமும் இதே பகுதியில்தான். பெரிய இடங்களுக்கு ஜாப் செய்து கொடுத்தே வளர்ந்த பட்டறைகள் இவை. ஒரு பட்டறையில் கடைசல்காரர் வேலை முடிந்த துண்டைச் சக்கிலிருந்து கழற்றியதும் மைக்ரோமீட்டரை எடுக்கவில்லை. முதலில் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓடவிட்டார். நகம் சொன்னதற்குப் பிறகுதான் கருவி. நந்தம்பாக்கத்துக் கட்டைவிரலின் உறவினர் இவர்.

இனி மதர் லிக்கருக்கு வருவோம். அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது கம்பெனி ஆண்டுமலராகிவிடும்.

ஒரே ரியாக்டரிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. படிகம் டிரம்மில் அடைபட்டு ஏற்றுமதி ஆகிறது. மிஞ்சும் நீர் சரிவு பார்த்துப் போகிறது. சனத்நகர், பாலாநகர், ஜீடிமெட்லா வட்டாரத்தின் சரிவு கூகட்பல்லி நாலாவை நோக்கி; நாலா போய்ச் சேருவது இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் வெட்டிய ஹுசேன் சாகருக்கு. மேற்கே பட்டான்செருவில் நிலைமை இன்னும் மோசம். 2007இல் சுவீடனின் யோகிம் லார்சன் குழு அங்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீரை எடுத்துப் பார்த்தது. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு வந்துசேரும் இடம். சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக். அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஒரு நாளில் வெளியேறியது 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். அப்போது 90 லட்சம் பேர் வாழ்ந்த சுவீடன் ஐந்து நாளில் சாப்பிட்ட அளவு அது. மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்க்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க முடியாது.

டீக்கடைப் பெரியவர் கெட்டவர் இல்லை. அவருடைய முதலாளியும் அநேகமாகச் சொந்த ஊரில் கோயில் கட்டியிருப்பார், பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பார். மதிலுக்கு உள்ளே அவர்கள் காட்டும் கவனம் அபாரமானது: ஒரு சிட்டிகையை எப்போது போடுவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கவனம். மதிலுக்கு வெளியே அதே மனிதர் கையை வீசிக் காட்டுகிறார். பேராசை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம்தான். ஆனால் பேராசை இல்லாதவர்களும் இப்படித்தான் இருக்கிறோம். நம் வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு, குப்பையை அடுத்த வீட்டு மதிலோரம் தள்ளுகிறோம். கவனம் என்பது நம்மிடம் குறைவாக இல்லை. அதற்கு எல்லைக்கல் நட்டிருக்கிறோம். அந்தக் கல்லைக் கொஞ்சம் தள்ளி நடுவதுதான் நாகரிகத்தின் வேலை என்றால், தமிழ்நாட்டையும் சேர்த்தே சொல்கிறேன், வாணியம்பாடியில் பாலாற்றுக்குத் தோல் தொழில் செய்ததைப் பார்த்தவர்களுக்குப் பட்டான்செருவைப் பார்த்து முகம் சுளிக்க உரிமை இல்லை.

தெரியவில்லை, அதனால் செய்தோம் என்றும் சொல்ல முடியாது. தேசிய தொலை உணர்வு மையம் இருப்பதே பாலாநகரில். 1974இல் தொடங்கி 2008இல் இஸ்ரோவோடு சேர்ந்தது. நாட்டின் ஒவ்வொரு ஏரியும் எந்த வருடம் எவ்வளவு சுருங்கியது என்று விண்ணிலிருந்து எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. சாலையில் நாலா ஓடுகிறது. சாலைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அது கலக்கும் ஏரியின் படம். கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் மனிதன் திருந்திவிடுவான் என்று நம்பியது ஐரோப்பிய அறிவொளிக் காலம். அந்தக் காலத்துத் தத்துவவாதி ஒருவரைப் பாலாநகர் மேம்பாலத்தின் மேல் ஒரு மாலை நிறுத்திவைக்க ஆசை.

2020இல் இன்னொரு திருப்பம். கொரோனா வந்ததும் உலகமே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கேட்டு இந்தியாவின் வாசலில் நின்றது. ஜூனில் ஹெட்டரோ ரெம்டெசிவிரைக் கொண்டுவந்தது. மாத்திரை செய்வது நாம்தான், ஆனால் மூலப்பொருளில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது என்ற பழைய செய்தி அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த மார்ச்சில் மூலமருந்துகளை உள்நாட்டிலேயே செய்ய 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒரு முக்கியப் பொருள் பென்சிலின்-ஜி. பிம்ப்ரியில் 1950களில் செய்யத் தொடங்கி, சீன விலைக்கு முன் தாக்குப்பிடிக்காமல் நாம் கைவிட்ட அதே பென்சிலின். புதுச்சேரியில் சிறியதாகத் தொடங்கி ஹைதராபாத்தில் பெரிதான அரபிந்தோ ஃபார்மா, 2024இல் காகிநாடா அருகே அதற்கு ஆலை திறந்தது. பிம்ப்ரியிலும் ரிஷிகேஷிலும் நொதிகலங்களைப் பார்த்துக்கொண்டவர்களில் இருப்பவர்கள் இப்போது எண்பதை ஒட்டியிருப்பார்கள். போன பேட்சிலிருந்து எடுத்துவைத்த சிட்டிகை என்று இருந்தால் அவர்களிடம்தான் இருக்கும்.

அதே 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு விதியும் வெளியிட்டது. மருந்து ஆலைகளின் கழிவுநீரில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் எவ்வளவு இருக்கலாம் என்று, மருந்து மருந்தாகப் பெயர் எழுதி, அளவு குறித்து ஓர் அட்டவணை. உலகில் எந்த நாடும் அதுவரை துணியாத காரியம் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகளே பாராட்டினார்கள். ஆலைகள் ஆட்சேபித்தன. 2021 ஆகஸ்டில் இறுதி விதி அரசிதழில் வந்தபோது மற்றதெல்லாம் இருந்தது. அந்த அட்டவணை இல்லை.